ஒன்றரைக் கட்டைக்கு இரண்டு பெயர்

சங்கீதம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களிடம் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "பியானோவில் கறுப்புக் கட்டை ஒன்றுதானே? ஒரு பக்கத்தில் அதை சி ஷார்ப் என்கிறீர்கள், அடுத்த பக்கத்தில் டி ஃப்ளாட் என்கிறீர்கள். எதற்கு இரண்டு பெயர்?" கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அதன்மேல் எரிந்து விழாதீர்கள். நான் விழுந்திருக்கிறேன். அந்தக் கேள்வி காதில் பட்டால் எனக்கு ஓர் ஆளின் ஞாபகம் வரும், உடனே வயிறு எரியும். பாவம், பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்த ஆளின் பெயர் ஆரோக்கியம். அவன் சிலோனை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் எரிகிறது. வயதானால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மயிர் போகும், பல் போகும், அது மட்டும் கூடவே இருக்கும்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எரிச்சலின் காரணம் புரியும். நான் ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தேன். மிஷனில் இருந்த பாதிரியாரின் மனைவி எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஐந்து கோட்டில் எழுதுவதும் வாசிப்பதும் எல்லாம் முறைப்படி படித்து, பரீட்சை எழுதித் தேறினேன். தேறிய கையோடு பாதிரியாருக்கு மாற்றம் வந்தது. பியானோவும் அவர்களோடு லொறியில் ஏறி மலை இறங்கிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் நம் மலையில் பியானோ எங்கே இருந்தது? துரை பங்களாவில் இருந்தது, கிளப்பில் இருந்தது, நுவரெலியாவில் பெரிய ஹோட்டல்களில் இருந்தது. தோட்டத்து மாஸ்டர் அங்கெல்லாம் போய் உட்கார முடியுமா? பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெஞ்சில் சுண்ணக்கட்டியால் கட்டைகளை வரைந்து அதன்மேல் விரல் ஓட்டிக்கொண்டிருப்பேன். சத்தமே வராது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் மாஸ்டருக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று தோட்டத்து லயன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் நடன பேண்டில், ஏப்ரல் சீசனுக்கு மட்டும் பியானோ வாசிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். பேண்ட் மாஸ்டர் ஒரு பறங்கியர். டிரம்பெட் வாசிப்பார், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆங்கிலமும் உடைந்த தமிழும் கலந்து வரும். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், தலையை ஆட்டினார். சீசன் முடிந்ததும் ஒருவரை வருஷம் முழுக்க வைத்துக்கொள்வோம், அது யார் என்று பிறகு பார்ப்போம் என்றார். அந்த வேலை கிடைத்தால் எனக்குப் பியானோ உண்டு. கிடைக்காவிட்டால் பழையபடி பெஞ்சும் சுண்ணக்கட்டியும்தான். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

"யார் என்று பிறகு பார்ப்போம்" என்றாரே, அது ஏன் என்று மறுநாள்தான் தெரிந்தது. இன்னொரு ஆளும் வந்திருந்தான்.

ஆரோக்கியம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். தாய் கொழுந்து பறிப்பவர். இவன் தோட்டத்து நாடகங்களுக்கு ஆர்மோனியப் பெட்டி வாசித்துப் பேர் எடுத்தவன். பிறகு துரை பங்களாவில் வேலைக்குப் போனான். அங்கே இருந்த பியானோவைத் துடைக்கிற சாக்கில் வாசிக்கப் பழகிவிட்டான். துரைசானி ஒருநாள் கேட்டு அசந்துபோய், ஹோட்டலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். எப்படி இருக்கிறது கதை? நான் குளிரில் நடந்துபோய்ப் படித்தேன், பரீட்சை எழுதினேன். இவன் தூசி தட்டியே கற்றுக்கொண்டான்.

கற்றதும் அரைகுறை இல்லை. அவன் வாசித்தால் தட்டு எடுத்துப் போகிற பையன்மார் நின்றுவிடுவார்கள். ஆடத் தெரியாத துரைமாரும் எழுந்து ஆடுவார்கள். நான் வாசித்தால் ஒரு பிழை இருக்காது, ஒருவரும் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள். அவனுக்கு வாயும் சும்மா இருக்காது. சமையல்காரனிலிருந்து மானேஜர் வரைக்கும் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். என்னையும் விடமாட்டான். "மாஸ்டர், நீங்க வாசிக்கிறதக் கேட்டா பெரட்டுக்களத்துல பேர் கூப்புடுற மாதிரியே இருக்குங்க, ஒரு ஆளும் தப்பாது" என்பான். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடம் அது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். உள்ளே கொதிக்கும்.

அவனிடம் ஒரே ஒரு குறை இருந்தது, அதை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவனுக்கு ஐந்து கோடு சரியாக வராது. கொஞ்சம் எழுதப் பழகியிருந்தான், அவ்வளவுதான். அவன் சுருதியை எல்லாம் ஆர்மோனியக்காரர்கள் சொல்வதுபோல் கட்டைக் கணக்கில்தான் சொல்லுவான். உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்காது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும் போகும். ஒன்று என்பது சி. நடுவில் இருக்கும் கறுப்புக்கு அரை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ளது ஒன்றரைக் கட்டை. அழகான கணக்கு, பாடகனுக்கும் ஆர்மோனியக்காரனுக்கும் அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் அரை என்பது எப்போதும் கீழ்க்கட்டையோடு கூடுவதுதான். "இரண்டுக்கு அரை குறைவு" என்று எந்த ஆர்மோனியக்காரனும் சொல்லமாட்டான். ஆகவே அவனுக்குக் கறுப்பு எல்லாமே ஷார்ப். ஃப்ளாட் என்று ஒன்று இருப்பதே அவன் புத்தியில் ஏறவில்லை.

சீசன் பாதி போயிருக்கும். கொழும்பிலிருந்து ஒரு பாட்டுக்கார அம்மா வந்திருந்தார். அன்று மாலை அவருடைய பாட்டுத்தான் பெரிய விசேஷம். மானேஜர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நுவரெலியாக் குளிர் யாரை விட்டது? அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டு டி மேஜரில் இருந்தது. காலையில் பாடிப் பார்த்தார், உச்சி எட்டவில்லை. ஒரு முழுச் சுரம் இறக்கிப் பார்த்தார், பாட்டு செத்துவிட்டது. நடுவில் அரைச் சுரம் மட்டும் இறக்கினால் சரியாக உட்கார்ந்தது. ஒன்றரைக் கட்டை.

பேண்ட் மாஸ்டர் எல்லா வாத்தியத்துக்கும் புதுத் தாள் எழுதச் சொன்னார். யாரை? ஆரோக்கியத்தை. இவனுக்கு எழுத வருமா என்று பார்க்க ஆசைப்பட்டாராம். எழுதுவதற்கென்றே பிறந்தவன் மாதிரி நான் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவன் பாடிக்கொண்டே பேனாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனான். நான் தோட்டத்தில் போய் நின்று பூக்களைப் பார்த்தேன். ஒரு பூவும் கண்ணில் படவில்லை.

பின்னேரம், விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். ஆரோக்கியம் பியானோவில் தொடங்கினான். வெண்ணெய் மாதிரி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு கிளாரினெட் சேர வேண்டிய இடம் வந்தது. கிளாரினெட் வாசித்தவர் ஜுனைதீன் நானா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரர், பழைய பட்டாளத்து பேண்டில் இருந்தவர். தாளில் ஈ உட்கார்ந்தால் அது ஈயா சுரமா என்று பார்க்காமல் அதையும் சேர்த்து வாசித்துவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம், அப்படிப்பட்ட வாசிப்பு. அந்த மனிதர் மூன்றாவது சுரத்திலேயே தடுக்கி விழுந்தார். திரும்பத் தொடங்கினார்கள், திரும்ப விழுந்தார். வயலின்காரரும் சேர்ந்து விழுந்தார். நானா கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டார். முகம் சிவக்க, பேண்ட் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

"மாஸ்டர், இந்தத் தாள வாசிக்க ஏலாது. ஜி ரெண்டு தரம் வருது, ஈங்கிற நோட்டக் காணவே இல்ல. ஏறுதா இறங்குதான்னே தெரியலயே."

ஆரோக்கியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றரைக் கட்டைதானுங்க, இந்தா கேளுங்க என்று பியானோவில் வாசித்தே காட்டினான். வாசித்தது சரி. எழுதியதும், கட்டையைத் தொட்டுப் பார்த்தால், சரிதான். சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், எஃப் ஷார்ப் என்று விரல் போகிற வழியே எழுதி, அதையே கிளாரினெட்டுக்கு, அந்த வாத்தியத்தின் வழக்கப்படி ஒரு சுரம் உயர்த்தி, டி ஷார்ப், எஃப், ஜி, ஜி ஷார்ப் என்று எழுதியிருந்தான். ஒரு மேஜர் ஸ்கேலில் ஏழு எழுத்துக்கும் ஏழு இடம், ஒவ்வொன்றும் ஒருமுறை வர வேண்டும், ஒன்றும் விடுபடக்கூடாது. அப்போதுதான் வாசிப்பவன் கண் கோடு கோடாகப் படியேறும். இவன் எழுதியதில் ஒரு படி இரண்டு தடவை வந்தது, அடுத்த படியைக் காணோம். நானா, தான் கண்ணால் வாசிக்கிற ஆள், காதால் வாசிக்கிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பாட்டுக்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேண்ட் மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்ப எல்லாம் எழுத நேரமில்லை. பாட்டையே விட்டுவிடலாம் என்று அவர் மானேஜரைத் தேடி ஓர் அடி எடுத்து வைத்தார்.

இப்போது என் மனசைச் சொல்கிறேன், கேளுங்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் கதை அன்றோடு முடிந்தது, பியானோ எனக்கு. பழம் நழுவிப் பாலில் விழுகிறது. ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதை இவன் பார்க்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். அந்த ஆசைதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

"நானா, அந்தப் புதுத் தாள மூடுங்க. காலையில வாசிச்ச பழைய தாள எடுங்க. அதுல நாலு ஷார்ப் இருக்கில்லையா? அத மறந்துட்டு, மூணு ஃப்ளாட் இருக்கிறதா நெனச்சிக்கிட்டு அப்படியே வாசிங்க. ஒரு நோட்டும் மாறாது." வயலின்காரரிடம் திரும்பினேன். "நீங்களும் பழைய தாள்தான். ரெண்டு ஷார்ப்புக்குப் பதிலா அஞ்சு ஃப்ளாட்."

நானா பழைய தாளை விரித்தார், கிளாரினெட்டை எடுத்தார். பாட்டு தொடங்கியது. தண்ணீர் மாதிரி ஓடியது. அம்மா எழுந்து பாடினார்.

நடந்தது இவ்வளவுதான். டி மேஜரை அரைச் சுரம் இறக்கி அதற்கு சி ஷார்ப் என்று பெயர் வைத்தால் ஒவ்வொரு சுரமும் வேறு கோட்டுக்கு நகர வேண்டும், எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். டி ஃப்ளாட் என்று பெயர் வைத்தால் எதுவும் நகராது. அதே கோடு, அதே புள்ளி. முன்னால் இருக்கும் குறி மட்டும் மாறும். புதுத் தாள் எழுதவே வேண்டியிருக்கவில்லை. கட்டை ஒன்றுதான், பெயரால் வந்த வித்தியாசம் ஒரு பகல் வேலை.

பேண்ட் மாஸ்டர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, ஏன் அப்படி என்று கேட்டார். காத்திருந்த கேள்வி. நான் தொடங்கினேன். சி ஷார்ப் என்றால் ஏழு ஷார்ப், வெள்ளைக் கட்டை எஃப்பையே ஈ ஷார்ப் என்று எழுத வேண்டும். கிளாரினெட் ஒரு சுரம் மேலே எழுதப்படும் வாத்தியம், அதற்கு டி ஷார்ப் ஆகிவிடும், அதற்கு ஒன்பது ஷார்ப், அதில் இரண்டு இரட்டை ஷார்ப் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டிரம்ஸ்காரர் கொட்டாவி விட்டார். அம்மா போர்வையைச் சரிசெய்தார். பேண்ட் மாஸ்டரின் கண் எங்கோ போய்விட்டது. நான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பியானோ பெஞ்சில் இருந்து ஒரு சிரிப்பு.

"அட, இவ்வளவுதானா மாஸ்டர்? எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்காரு. நான் அவர சித்தப்பாங்கிறேன், எங்க அத்தை மகன் மாமாங்கிறான். ஆளு ஒண்ணுதான். ஆனா மாமான்னு கூப்புடுறவன் அவரு மகளக் கட்டலாம், சித்தப்பான்னு கூப்புடுறவனுக்கு அவ தங்கச்சி. பேர மாத்திக் கூப்புட்டா குடும்பமே சந்தி சிரிச்சுப் போயிரும். நான் சித்தப்பாவ மாமான்னு எழுதிப்புட்டேன்."

நானா தொடையில் தட்டிச் சிரித்தார். வயலின்காரர் சிரித்தார். நானா அதைப் பேண்ட் மாஸ்டருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை, அவரும் சிரித்து ஆரோக்கியத்தின் தோளில் தட்டினார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். கண்டுபிடித்தவன் நான், காப்பாற்றியவன் நான். கால்மணி நேரத்துக்கு முன்னால் ஃப்ளாட் என்றால் என்னவென்று தெரியாத பயல் அதை என் கையிலிருந்து பிடுங்கி, என்னைவிட அழகாகச் சொல்லி, கைதட்டலையும் வாங்கிக்கொண்டான். அதிலும் அவன் சொன்னது அச்சொட்டாகச் சரி. பிழை கண்டுபிடிக்கலாம் என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை.

சீசன் முடிந்ததும் பேண்ட் மாஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சனங்கள் ஆடுவது இவன் கைக்கு, ஆகவே பியானோ இவனுக்கு என்றார். உனக்குத் தாள் எழுதுகிற வேலை, இவன் வாசிப்பதைப் பெயர் வைத்து எழுது, இரண்டு பேரும் இல்லாமல் இந்த பேண்ட் நடக்காது என்றார். நியாயமான பேச்சு. நியாயம் யாருக்கு வேண்டும்? எனக்குப் பியானோ வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஹோட்டல் பின்கட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வாசிப்பான், இந்தப் பக்கம் நான் எழுதுவேன். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட்டவன் வெளியில் நின்று சாப்பாட்டு வாசனை பிடிக்கிற கதைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பியானோவைப் பூட்டி வைப்பார்கள், சாவி அவனிடம் இருக்கும். அவன் காலையில் வந்து சாவியை என் மேசையில் வைப்பான். "மத்தியானம் வரைக்கும் நான் வரமாட்டேங்க. ஒங்க பாட்டுக்கு வாசிங்க மாஸ்டர்" என்பான். எழுத வேலை இருக்கிறது என்று நான் சாவியைத் தள்ளிவிடுவேன். அவன் கொடுத்து நான் வாசிப்பதா? பெஞ்சில் சுண்ணக்கட்டியால் வரைந்து வாசித்தவனுக்கு நிஜப் பியானோ மூன்று அடியில் இருக்கிறது, திறந்துகொள் என்று சாவியும் வருகிறது, வேண்டாம் என்கிறேன். எத்தனையோ காலை அப்படிப் போனது. பொறாமை ஆளைத் தின்னும் என்பார்கள். என்னை அது பட்டினி போட்டது.

வேலையில் மட்டும் நாங்கள் பிசகியதில்லை. அவன் புதிதாக எதையாவது வாசிக்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் போடுவான், "மாஸ்டர், இது மாமாவா சித்தப்பாவா?" என்று. ஒருநாள் நாலரைக் கட்டையில் ஒன்று வாசித்தான். நாலரை என்றால் எஃப் ஷார்ப், இல்லாவிட்டால் ஜி ஃப்ளாட். பெயர் வைப்பதில் நிஜமான சோதனை இதுதான். எஃப் ஷார்ப்புக்கு ஆறு ஷார்ப், ஜி ஃப்ளாட்டுக்கு ஆறு ஃப்ளாட், தராசு இரண்டு பக்கமும் சமம். நான் கேட்டேன், அடுத்து எந்தச் சுருதிக்குப் போகப் போகிறாய் என்று. ஏழுக்குப் போறேனுங்க என்றான். ஏழு என்றால் பி, அது ஷார்ப் பக்கம்; அப்படியென்றால் எஃப் ஷார்ப் என்று எழுதினேன். மறுநாள் மனசு மாறி, ஏழு வேண்டாம், ஒன்றரைக்குப் போகிறேன் என்றான். அது டி ஃப்ளாட், ஃப்ளாட் பக்கம்; எழுதியதைக் கிழித்துவிட்டு ஜி ஃப்ளாட் என்று எழுதினேன். இரண்டு பெயரும் சரியாக இருக்கிற இடத்தில் பாட்டு எங்கே போகிறது என்று பாருங்கள், பெயர் தானாக வரும். பரீட்சைக்கு இது வராது, மேசையில் வரும்.

பிறகு ஒருநாள் அவன் வீட்டுக்குக் கடதாசி வந்தது. அவன், தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இந்தியாவுக்குப் போக வேண்டும். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இங்கே குடியுரிமை இல்லை என்று, அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு வந்த கடதாசிதான். அவனுடைய தாத்தா புறப்பட்டு வந்த ஊர் திருச்சிப் பக்கம் என்றான். அந்த ஊரை அவனும் பார்த்ததில்லை, அவன் அப்பாவும் பார்த்ததில்லை.

நானுஓயா ஸ்டேஷனுக்கு நானும் நானாவும் போனோம். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவன் தகரப் பெட்டிகளை எண்ணி ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான். பியானோச் சாவியை நீட்டினான். இம்முறை தள்ளிவிட முடியாது, வேறு ஆள் இல்லை. வாங்கினேன்.

"அங்க பியானோ இருக்குமா மாஸ்டர்?"

ஆர்மோனியம் இருக்கும் என்றேன். அவன் விரல்களைப் பார்த்தேன். அந்த விரலுக்கு ஆர்மோனியமா? அதை நினைக்கையில் எனக்கு முதலில் வந்தது துக்கமா, நிம்மதியா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அவன் சிரித்தான். "எங்க போறேன்னு பாத்துத்தானே பேரு வைப்பீங்க? இங்க இருக்கிற வரைக்கும் இந்தியாக்காரன்னாங்க. இப்பப் போற எடமும் தெரிஞ்சி போச்சி. அங்க என்னா பேரு வைப்பாங்கன்னுதான் தெரியல மாஸ்டர்."

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயில் வளைவில் திரும்பும்வரை அவன் ஜன்னலில் கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். நான் சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் பாருங்கள், இப்படி ஒரு பேச்சை இவனால் மட்டும் எப்படிப் போகிற போக்கில் சொல்ல முடிகிறது என்றுதான் எனக்குள் ஓடியது.

அன்று மாலை பியானோவில் உட்கார்ந்தேன். நான் ஆசைப்பட்ட அதே பெஞ்ச். டி ஃப்ளாட்டில் அந்தப் பழைய பாட்டை வாசித்தேன். ஒரு பிழை இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் நானா பழக்க தோஷத்தில் பியானோப் பக்கம் திரும்பி, ஏதோ கேலி வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தாளுக்குத் திரும்பிக்கொண்டார். சனங்கள் ஆடினார்கள், பேசிக்கொண்டே ஆடினார்கள்.

அந்த வேலையை விட்ட பிறகு நான் பல பள்ளிக்கூடங்களில் படிப்பித்தேன். எங்கே போனாலும் அந்த மாமா சித்தப்பா பாடத்தைச் சொன்னேன். அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து மாஸ்டரின் மாமா சித்தப்பா பாடத்தை மறக்கவே முடியாது என்று பேசினார்கள். சபை சிரித்துக் கைதட்டியது. மாலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கைதட்டல் என்னுடையது இல்லை. அவன் எங்கேயோ ஓர் ஊரில் இருந்துகொண்டு அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நீங்களும் வகுப்பில் அதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிக்கும், சிரித்தபடியே விளங்கிக்கொள்ளும். இதை யார் சொன்னது என்று ஒரு பிள்ளை கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள். பொகவந்தலாவை ஆரோக்கியம் என்று சொல்லுங்கள். அந்த ஊரில் அவனுக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. இங்கே அவனுக்கு அதுதான் பெயர். என் வயிறு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும்.